உப்பு, தேவையான அளவு

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. சமையல் சிறப்பிதழுக்காக, பல நாட்டு வீடுகளில் செய்யும் எளிய சாப்பாட்டுக் குறிப்புகளை மொழிபெயர்த்துத் தரும்படி பத்திரிகை ஆசிரியர் கேட்டிருந்தார். துருக்கியின் பருப்பு சூப், ஸ்பெயினின் உருளைக்கிழங்கு ஆம்லெட்*, ஜப்பானின் அரிசிக் கஞ்சி. பருப்பு இத்தனை கிராம், தண்ணீர் இத்தனை கோப்பை என்று கறாராகப் பேசிக்கொண்டே வந்து, உப்பு என்றதும் எல்லா நாடும் கையை விரித்துவிடுகிறது: ருசிக்கேற்ப. நானும் வழக்கம்போல் 'தேவையான அளவு' என்று எழுதிவைத்தேன்.

"தேவையான அளவுன்னா யாருக்குத் தேவையான அளவு?" என்றாள் மனைவி.

கேள்வி நியாயமானது. போன மாதம் வந்த காய்ச்சலில் அவளுக்கு நாக்கு மரத்துப்போய்விட்டது. உப்பும் தெரியவில்லை, உறைப்பும் தெரியவில்லை.

(* இதில் வெங்காயம் போடலாமா கூடாதா என்று அங்கே சண்டையே நடக்குமாம். உப்புக்காக யாரும் சண்டை போடுவதில்லை.)

2

அவள் ஒரு பெரிய நகரத்தில் தன்னந்தனியாக வசித்துவந்தாள். ஒருநாள் அடுப்பைப்

(அடித்துவிட்டேன். ஆள் தனியாக இருந்தால் சோகம் கூடும் என்று பார்த்தேன். தோளுக்கு மேலாக எட்டிப் படித்தவள், "அப்ப நீங்க எங்க போய்த் தொலைஞ்சீங்க?" என்றாள். சரி, நானும் கதைக்குள் இருந்து தொலைக்கிறேன்.)

3

அவள் ஓர் அலுவலக உணவகத்தில் சமையல்காரி. நாளை வேலைக்குத் திரும்புகிறாள். நாக்கு விஷயம் மேலாளருக்குத் தெரிந்தால் வேலை போய்விடும். என் குறிப்புகளிலிருந்து பருப்பு சூப்பை நாளைக்கென்று எடுத்துக்கொண்டாள். எத்தனை கரண்டி உப்பு என்று இன்றே தெரிந்துகொண்டால் நாளை கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடலாம்.

அதற்கு உண்மை சொல்லும் ஒரு வாய் வேண்டும். எங்கள் வீட்டில் அது இல்லை. அவள் படுத்து எழுந்ததிலிருந்து பாவம் பார்த்து, எல்லாவற்றுக்கும் "நல்லா இருக்கு" என்கிறோம். உப்பில்லாத கஞ்சிக்கும் அதையே சொன்னோம். கடல் உப்பையெல்லாம் கொட்டிய ஆம்லெட்டுக்கும் அதையே சொன்னோம். அன்று எங்கள் மகள் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்ததை அவள் பார்த்துவிட்டாள்.

4

இன்று சூப் குடித்தேன். கச்சிதம். சொன்னேன்.

"அன்னைக்கும் இதைத்தான் சொன்னீங்க."

"சத்தியமா சொல்றேன்."

"சத்தியம் பண்ற அளவுக்கு மோசமா இருக்கா?"

எனக்குத் தலையை எங்காவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

5

முடிவுகள்: நாக்கு திடீரென்று திரும்பிவிடுகிறது (ஆசிரியருக்குப் பிடிக்கும், எனக்கு வெட்கமாக இருக்கிறது). மேலாளர் பாராட்டுகிறார் (அதையும் அவள் நம்ப மாட்டாள்). என்மேல் சந்தேகப்பட்டு இன்னொரு கரண்டி உப்பைப் போட்டு, அந்தக் கணக்கையே நாளை கொண்டுபோகிறாள்.

கடைசியாகச் சொன்னதுதான் நடக்கப்போகிறது. கரண்டி இப்போது உப்பு ஜாடிக்குள் இருக்கிறது.

நான் என்ன எழுதினாலும் அவள் காதில் ஏறாது. நீங்கள் இந்த வீட்டு ஆள் இல்லை, அவளுக்காகப் பாவம் பார்க்கவும் தேவையில்லை. கிண்ணம் மேசைமேல் இருக்கிறது. ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு நீங்களே சொல்லிவிடுங்கள்.

தயவுசெய்து "நல்லா இருக்கு" என்று மட்டும் சொல்லாதீர்கள்.