நாற்பத்தெட்டு நாள் புருஷன்

கார்த்திகை பிறந்தால் போதும், கவிநேசன் நல்லவனாகிவிடுவான். ஐயப்பனுக்கு மாலை போட்டுக் கறுப்பு வேட்டி கட்டிவிட்டால் பீர் கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது, கை நீட்டுவது கிடையவே கிடையாது. அலோர் காஜாவில் லோரி ஓட்டுகிறவன் வாயா இது என்று கேட்கிற மாதிரி, எதிரே வருகிற பூனையைக்கூட ‘சாமி’ என்பான். பெண்கள் எல்லாரும் ‘அம்மா’. கட்டிய மனைவியும்தான்.

தேவமலர் அடி தாங்காமல் தாய்வீட்டுக்கு ஓடிவருவதும், அவன் மாலையோடு வந்து அழைத்துப்போவதும் மூன்று வருஷமாக நடக்கிற கூத்து. நாற்பத்தெட்டு நாள் விரதத்தில் மனைவியைத் தொடக் கூடாது, தனித்தனிப் பாய். விடிவதற்குள் குளித்துப் பூஜை முடித்து, செங் ஊரில் தொழிற்சாலைக்குப் போகிறவளுக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொடுப்பான். யோசித்தால் வயிற்றெரிச்சல்தான்: புருஷன் தன்னைத் தொடக் கூடாத நாட்களில்தான் அவள் சந்தோஷமாகக் குடும்பம் நடத்தியிருக்கிறாள். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றினால், தைப்பூசத்துக்குள் கன்னம் வீங்கிவிடும். போன தடவை இடது காது. இன்னும் அந்தப் பக்கம் சரியாகக் கேட்பதில்லை.

இந்த வருஷமும் வந்தான். ஞாயிற்றுக்கிழமை காலை, புக்கிட் பெருவாங்கில் அவள் தாய்வீட்டு வாசலில், நெற்றி நிறையச் சந்தனத்தோடு நின்றான்.

“மலரு, சாமி வந்திருக்குடி!” இருசம்மாளுக்குத் தலைகால் புரியவில்லை. மருமகன் என்பதையும் மறந்து மாலை போட்டவன் காலில் விழுந்து எழுந்தாள். மகளின் காதைக் கெடுத்தவன் காலில் பெற்றவள் விழுந்ததைப் பார்த்த தேவமலர் படியிலேயே நின்றுவிட்டாள்.

“வீட்டுக்கு வாங்கம்மா,” என்றான் கவிநேசன். “போன தடவ தப்புதான். இப்ப சாமி திருந்திட்டேன் லா.”

இந்தக் குரலுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் மயங்கினாள். இப்போதும் பையை எடுக்கக் கால் உள்ளே திரும்பியது. வெட்கக்கேடு.

“மாலைய கழட்டிட்டு வாங்க,” என்றாள்.

“என்னா?”

“மலைக்குப் போயிட்டு வந்து, மாலைய கழட்டி, ஒரு மாசம் கழிச்சு வாங்க. வேட்டிய விட்டுட்டு, எப்பவும் போடுற சிலுவார் போட்டுக்கிட்டு வாங்க. நான் குடும்பம் நடத்த வேண்டியது அந்த ஆளுகூடத்தான், சாமிகூட இல்ல.”

அவன் சிரித்துப் பார்த்தான், கெஞ்சியும் பார்த்தான். அவள் படியை விட்டு இறங்கவில்லை. அவன் பல்லைக் கடித்தான். வலது கை மேலே போய், பாதியில் நின்று, மார்பில் கிடந்த துளசிமணிகளை இறுக்கிப் பிடித்தது.

“இந்த மாலை மட்டும் இல்லன்னா, உன்ன இங்கயே...”

“தெரியும். அதான் கழட்டிட்டு வரச் சொன்னேன்.”

மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

இருசம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். “அவ்வளவு கோவத்துலயும் கை வைக்கல, பாத்தியா? இப்படிப்பட்ட தங்கத்த வெரட்டிட்டியேடி, பாவி!”

மூன்று வருஷமாகத் தொழிற்சாலைத் தோழிகளிடம் இதையே பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தவள் தேவமலர்தானே. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஏங்கி ஏங்கி அழுதாள். விடிகாலையில் தேத்தண்ணி கலக்கிக் கொடுத்தவனை அவள் உண்மையாகவே நேசித்தாள். மற்றவனை விரட்ட, இவனையும் விரட்ட வேண்டியிருந்தது.