செல்வி ரிஷானி சிவலிங்கம்

"செல்வி எண்டே போடுங்கோ," என்றார் சிவலிங்கம், தொலைபேசியில். மறுமுனையில் மரண அறிவித்தல் எழுதுகிறவர். "ஓம், செல்வி ரிஷானி சிவலிங்கம். கலியாணம் செய்யேல்லை."

குசினி வாசலில் தக்ஷிகா கேட்டுக்கொண்டு நின்றாள். அவள் ரிஷானியின் மனைவி. இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஜூலையில் சுவிஸ் சட்டம் இடம் கொடுத்ததும் இருவரும் ஊஸ்டர் பதிவு அலுவலகத்தில் கையெழுத்து வைத்தார்கள். சொந்தத்தில் வந்தவன் ரிஷானியின் மச்சான் ஜெனுசன் மட்டும். அடுத்த வருஷமே ரிஷானிக்குப் புற்றுநோய். எட்டு மாதம் வாந்தி துடைத்தவள் தக்ஷிகா.

"அங்கிள், என்ர பேரையும் ஒரு மூலையில போடுங்கோ."

"போடலாம் பிள்ளை. தோழி எண்டு."

பெற்றவருக்கும் நெஞ்சு எரிந்துகொண்டுதான் இருந்தது. ஆனாலும் பிள்ளை செத்த அன்றும் ஊர் வாய்க்குப் பயப்படுகிறாரே, என்ன மனுசனோ! வாய்க்கரிசி போட உறவுகளைக் கூப்பிட்டபோது தக்ஷிகாவை யாரும் கூப்பிடவில்லை. மூன்றாம் வரிசையில் இருந்து அழுதாள்.

ஒன்றரை வருஷம் கழித்து வில் நகரில் ஜெனுசனின் கலியாணம். "நீங்கள் வராட்டி நான் மணவறையில ஏறமாட்டன்" என்று அவன்தான் அடம்பிடித்துக் கூட்டிவந்தான். மண்டப வாசலில் சந்தனத் தட்டம் பிடிக்க ஒரு பெண் குறைந்தது. தக்ஷிகா போய் எடுத்தாள்.

ஜெனுசனின் தாய் கலாவதி ஓடிவந்தாள். "ஐயோ, நீர் பிடிக்கக் கூடாது. வைச்சிட்டு வாரும்."

"ஏன் மாமி? மற்றப் பிள்ளையளும் பிடிக்கினம்தானே?"

"அதுகள் கலியாணம் செய்யாததுகள்." கலாவதி குரலைத் தாழ்த்தினாள். "நீர் ஆளை இழந்தனீரெல்லோ. நல்ல காரியத்தில முன்னுக்கு நிக்கிறது சரியில்லை."

தக்ஷிகா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நான் ரிஷானியின்ர மனுசி எண்டு உங்களுக்குத் தெரியும்."

கலாவதி தட்டத்தை வாங்கக் கையை நீட்டினாள்.

"வாய்க்கரிசிக்கு நான் தோழி. சந்தனத்துக்கு மட்டும் விதவையோ மாமி?"

தட்டத்தை அவள் விடவில்லை. அந்த நேரம் சிவலிங்கம் படியேறி வந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது. தக்ஷிகா கண்ணைத் துடைக்காமலே அவர் முன்னால் தட்டத்தை நீட்டினாள்.

"சந்தனம் எடுங்கோ, மாமா."

அதுவரை அவரை அவள் மாமா என்று கூப்பிட்டதில்லை. சிவலிங்கம் கையை நீட்டவும் இல்லை, உள்ளே போகவும் இல்லை. பின்னால் சனம் வரிசையாக நின்றது.