நடுவில் உட்கார்ந்தவன்

அந்தச் சனிக்கிழமை பகல் இரண்டு மணிக்கு அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். வீட்டை விற்கும் இசோகாய் ஃபுமியோ, வயது அறுபத்தொன்று, யோகோசுகா கப்பல் பட்டறையில் முப்பத்தைந்து வருடம் பெயிண்ட் அடித்தவர். வாங்க வந்த ஹொசுமி ரியோதா, பஸ் டிரைவர். அவன் மனைவி மினோரி, பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருப்பவள். அவர்களுடைய மகள் கொதோஹா, ஐந்து வயது, ஒரு காலில் மட்டும் காலுறை. ஐந்தாவது ஆள் தரகன் கஜியூரா. இசோகாய்க்காகப் பேச வந்தவன் அவன். ஹொசுமி குடும்பத்துக்காகப் பேச வந்தவனும் அவன்தான். தாழ்ந்த மேசையின் ஒரு பக்கம் விற்பவர், எதிர்ப்பக்கம் வாங்குபவர்கள், இரண்டுக்கும் நடுவில், மேசையின் குறுகிய பக்கத்தில், கால் மடக்கி அவன் உட்கார்ந்திருந்தான்.

வெளியே மழைக்காலத்து மழை நான்கு நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தது. இசோகாயின் வீடு மலைச்சரிவில் இருந்தது. ரோட்டிலிருந்து எழுபத்து மூன்று படி. அவருக்கு முன்னாலேயே அவர் முழங்கால்கள் ஓய்வு பெற்றுவிட்டன. குளிர்காலத்தில் இரண்டு முறை அந்தப் படிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கியிருக்கிறார், குழந்தையைப் போல. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தரைத்தளத்தில் ஒரு சின்ன வீட்டுக்கு வாடகைப் பேச்சை முடித்து வைத்திருந்தார். இந்த வீடு விற்றால்தான் அங்கே போக முடியும். இன்றைக்கு இரண்டு தரப்பும் பத்திரத்தில் தங்கள் பெயர் முத்திரையை வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

"நாள் நல்ல நாள், இசோகாய்-சான். காலண்டர் பாத்துதான் வெச்சேன்" என்றான் கஜியூரா. வாய்க்குள் புதினா மிட்டாய் ஒன்றை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்குத் தள்ளிக்கொண்டே பேசினான். அவன் விரல்கள் எப்போதும் ஈரமாக இருந்தன. அவன் தொட்ட காகிதங்களின் ஓரம் நெளிந்து போயிருந்தது. நான்கு மணிக்கு அவனுக்கு வேறொரு இடத்தில் வேலை இருந்தது. வழக்கமாக வாங்குபவர்களைத் தனியாகத் தன் ஆபீசுக்கு வரவழைத்துப் படித்துக் காட்டும் வீட்டு விவரப் பத்திரத்தை, நேரம் மிச்சமாகட்டும் என்று, இன்று இங்கேயே, விற்பவர் முன்னாலேயே படிக்க எடுத்தான். அந்தச் சோம்பல் மட்டும் இல்லாதிருந்தால் இந்தக் கதையே இல்லை.

தன் தரகு உரிம அட்டையை இரண்டு பக்கமும் காட்டிவிட்டு, கோயிலில் மந்திரம் சொல்பவனைப் போல வேகமாகப் படிக்க ஆரம்பித்தான். எல்லை, தண்ணீர்க் குழாய், எரிவாயு, வழிப் பாத்தியதை. ஹொசுமி ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினான். அவனுக்குப் பாதி புரியவில்லை என்பது இசோகாய்க்கே தெரிந்தது.

"வீட்டுக்குப் பின்னாடி மண்ணைத் தாங்குற சுவர். குறிப்பிடும்படி ஒண்ணும் இல்ல. அடுத்து, கூரை."

இசோகாய் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

ஏப்ரலில் கஜியூரா முதன்முதலாக வந்தபோதே அந்தச் சுவரைக் காட்டியிருந்தார். மலையைத் தாங்கி நிற்கும் பழைய கல்சுவர். மூன்றாவது வரிசையில் வயிறு தள்ளியிருக்கிறது. மழை பெய்தால் சுவரில் விட்டிருக்கும் ஓட்டைகள் வழியே தண்ணீர் வரவேண்டும். இந்தச் சுவரில் ஓட்டைகள் காய்ந்து கிடக்கும், கல்லிடுக்குகள்தான் கசியும். மூன்று வருடத்துக்கு முன்னால் இரண்டு கற்களுக்குக் குறுக்கே, கப்பலுக்கு அடிக்கும் சிவப்புப் பெயிண்டால் நேர்கோடு ஒன்று இழுத்து வைத்தார். சுவர் நகர்ந்தால் கோடு காட்டிக் கொடுக்கும். காட்டிக் கொடுத்துவிட்டது. கோட்டின் இரண்டு துண்டுகளும் இன்று ஒரு கட்டைவிரல் அகலம் விலகி நிற்கின்றன.

"எல்லாத்தையும் வாங்குறவங்ககிட்ட நான் பக்குவமா எடுத்துச் சொல்லிடுறேன்" என்றான் அன்று. புகைப்படம் எடுக்கும்போது நீலப் பூச்செடித் தொட்டியை நகர்த்திக் கோட்டுக்கு முன்னால் வைத்தான். "பாக்க லட்சணமா இருக்கட்டும்." இசோகாய் பார்த்துக்கொண்டு நின்றார். தொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான்.

வீடு பார்க்க யாராவது வரும்போது, "நீங்க இருந்தா அலமாரியைத் திறந்து பாக்கக் கூச்சப்படுவாங்க" என்று சொல்லி அவரைக் கீழே அனுப்பிவிடுவான். எழுபத்து மூன்று படி இறங்கி, ஒரு காபி குடித்து, எழுபத்து மூன்று படி ஏறுவார். மே மாதக் கடைசியில் ஹொசுமி குடும்பம் வந்த அன்று, வீட்டுக்கு வரப்போகிறவர்கள் தெரிந்துகொள்ளட்டும் என்று இரண்டு பக்கம் கடிதம் எழுதி மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். எந்த ஜன்னல் இறுகும், குப்பை எடுக்க என்றைக்கு வருவார்கள், பின்சுவர் எப்படி, யாரையாவது கூட்டிவந்து கட்டாயம் காட்டுங்கள். திரும்பி வந்தபோது கடிதம் மேசையில் இல்லை. எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள் என்று நினைத்தார்.

"தாத்தா, என் ரூம் பின்னாடி இருக்கே, அதுதானே?" என்றாள் கொதோஹா. "அங்க கட்டில் போடப் போறோம். அப்பா அளந்துட்டார்."

"தாத்தா இல்ல, மாமா" என்று திருத்தினாள் மினோரி.

"தாத்தாவே இருக்கட்டும். மண்டைல நரைமுடியைப் பாத்துட்டுதான் சொல்லுது" என்றார் இசோகாய். பிறகு, சும்மா கேட்பதுபோல, "நான் எழுதின கடுதாசி படிச்சீங்களாம்மா?" என்றார்.

மினோரி கணவனைப் பார்த்தாள். கணவன் கஜியூராவைப் பார்த்தான். "என்ன கடுதாசி?" என்றாள் மினோரி.

மிட்டாய் ஒரு கன்னத்திலேயே நின்றுவிட்டது. "ஆ, அதுவா? ஆபீஸ் ஃபைல்ல பத்திரமா இருக்கு" என்று சிரித்தான் கஜியூரா. "இசோகாய்-சான், ஒரு நிமிஷம், சமையலறைல ஒரு விஷயம்."

சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் பேசினான். "நான் உங்க பக்கம். அதை முதல்ல புரிஞ்சுக்குங்க. சுவர்னு வாயத் திறந்தீங்கன்னா இவங்க ஓடிடுவாங்க. உங்க காலோட இன்னும் ரெண்டு குளிர்காலம் இங்க ஏறி இறங்குவீங்களா? உங்களுக்காகத்தான் அந்தக் கடுதாசிய எடுத்து வெச்சேன்."

"குழந்தை அங்க படுக்கும்."

"அறுபது வருஷமா நிக்கிற சுவர். இன்னைக்கே விழுந்துடுமா?" ஈரக் கையால் அவர் தோளைத் தட்டினான். "கொஞ்சம் மூச்சு விட்டுட்டு வாங்க. நான் போய்ப் பேசிச் சமாளிக்கிறேன்."

இசோகாய் அங்கேயே நின்றார். வெட்கக்கேடு என்னவென்றால், ஒரு நிமிடம் அவர் அதற்கு இணங்கிப் போனார். தரைத்தளத்து வீட்டின் வாசல் கண்முன் வந்தது. படி இல்லாத வாசல். இத்தனை வருடம் நின்ற சுவர் என்று அவர் மனமே அவன் குரலில் சொன்னது. குழாயை மூடினார். அப்போதுதான் காகிதக் கதவுக்கு அந்தப் பக்கம் அவன் அடங்கிய குரலில் பேசுவது கேட்டது.

"நான் உங்க பக்கம், அதனாலதான் சொல்றேன். பெரியவர் கடைசி நேரத்துல விலையை ஏத்தப் பாக்குறார். கடுதாசி கிடுதாசின்னு ஏதாவது கிளப்புவார். காதுல வாங்காதீங்க. அவர் வந்ததும் டக்குன்னு முத்திரைய வெச்சிடுங்க. பின்னாடி வேற ஒரு பார்ட்டி காத்துட்டு இருக்கு."

அதே சொல். அதே குழைவு. இந்த அறையில் ஒரு முறை, அந்த அறையில் ஒரு முறை. இசோகாய்க்கு, யாரோ மென்று துப்பியதைத் தன் தட்டில் வைத்ததுபோல இருந்தது. அதில் ஒரு வாய் தானும் தின்றுவிட்டோம் என்பதுதான் அதைவிட அருவருப்பாக இருந்தது.

கதவைத் தள்ளித் திறந்தார். "ஹொசுமி-சான், செருப்பைப் போட்டுக்கிட்டுப் பின்னாடி வாங்க. அம்மா, நீங்களும்."

"மழை பெய்யுது, இசோகாய்-சான்" என்று எழுந்தான் கஜியூரா.

"மழைலதான் பாக்கணும்."

வீட்டுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் போகும் இடம்தான். இசோகாய் குனிந்து பூச்செடித் தொட்டியைப் பிடித்து இழுத்தார். முழங்கால் கத்தியது. ஹொசுமி கைகொடுத்தான். தொட்டி நகர்ந்ததும் சிவப்புக் கோடு தெரிந்தது. நடுவில் உடைந்து, மேல்துண்டு வெளியே வந்திருந்தது.

"இதை நேர்கோடாத்தான் போட்டேன்" என்றார். "மூணு வருஷம் முன்னாடி."

ஹொசுமி கோட்டின் விலகலில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். அது சரியாகப் பொருந்தியது. ஓட்டை ஒன்றுக்குள் மினோரி சுண்டுவிரலை விட்டு எடுத்தாள். நான்கு நாள் மழையில் விரல் காய்ந்தே வந்தது. அவள் நிமிர்ந்து, சுவரிலிருந்து இரண்டு முழம் தள்ளியிருந்த ஜன்னலைப் பார்த்தாள். உள்ளே கொதோஹா கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கையாட்டினாள். அது அவளுடைய அறை.

மினோரி கஜியூராவைக் காட்டி இசோகாயிடம் திரும்பினாள்.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் மினோரி. "இந்த வீட்டுக்கு நாங்க முதல்ல ஏப்ரல் கடைசில கேட்டோம். அடுத்த ஸ்டேஷன்ல தோகாவான்னு ஒரு தரகர் அம்மா, எங்க அக்காவுக்கு வீடு பாத்துக் கொடுத்தவங்க. அவங்க இவர் ஆபீசுக்கு போன் போட்டாங்க. பேச்சு முடியுற நிலைமைல இருக்கு, காட்ட முடியாதுன்னு சொல்லிட்டாராம். ஒரு மாசம் கழிச்சு அதே வீடு விலை குறைஞ்சு இவரோட நோட்டீஸ்ல வந்துச்சு. நேரா இவர்கிட்டயே வந்துட்டோம்."

"ஏப்ரல்ல இங்க ஒரு ஈ காக்கா வரல" என்றார் இசோகாய். "ஞாயிறு ஞாயிறு வீட்டைப் பெருக்கி வெச்சுட்டு உக்காந்திருந்தேன். யாருமே கேக்கல, விலையைக் குறைச்சாத்தான் போகும்னு இவன் சொன்னான். குறைச்சேன்."

"தோகாவா அம்மா வந்திருந்தா முதல்ல சுவரைத்தான் பாத்திருப்பாங்க. அக்கா வீட்டுல கழிவறை மூடியக்கூடத் தூக்கிப் பாத்தாங்க."

"அதனாலதான் அவங்கள வர விடல" என்றான் ஹொசுமி. அன்று முழுவதும் அவன் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

கஜியூரா கூரைச் சரிவுக்குக் கீழே ஒதுங்கி நின்றிருந்தான். "இதெல்லாம் இந்தத் தொழில்ல சகஜங்க. ரெண்டு பக்கமும் ஒரே ஆள் பாத்தா வேகமா முடியும், சண்டை வராது. சட்டமும் தடுக்கல. ரெண்டு பேருக்கும் நல்லது பண்ணத்தான் பாத்தேன்."

"ரெண்டு பேர்கிட்டயும் கூலி வாங்கப் பாத்த" என்றார் இசோகாய். "மீனுக்கு வாலையும் பாம்புக்குத் தலையையும் காட்டுற விலாங்கு நீ. விலாங்கையாவது சுட்டுத் திங்கலாம்."

மினோரி சிரித்துவிட்டாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை.

"என்கூடப் போட்ட ஒப்பந்தம் ஜூலை இருபது வரைக்கும் இருக்கு" என்றான் கஜியூரா. குழைவு போய் எலும்பு தெரிந்தது. "அதுவரைக்கும் வேற தரகர்கிட்ட நீங்க போக முடியாது. பாத்துக்குங்க."

"ஜூலை இருபத்தொண்ணுன்னு ஒரு நாள் வரும்ல? அன்னைக்குப் போறேன்."

உள்ளே வந்து நனைந்த தலையைத் துடைத்துக்கொண்டார்கள். மேசைமேல் பத்திரங்கள் விரித்தபடி கிடந்தன. சிவப்பு மைப்பெட்டி திறந்திருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. ஹொசுமி தன் முத்திரையை உறைக்குள் போட்டுச் சட்டைப்பையில் வைத்தான்.

"வீடு எங்களுக்குப் பிடிச்சிருக்கு" என்றான், மேசையைப் பார்த்துக்கொண்டே. "தோகாவா அம்மாவோட வரோம். சுவர் தெரிஞ்ச ஆள் ஒருத்தரையும் கூட்டிட்டு வரோம். அவர் என்ன சொல்றாரோ, அதுக்கு ஏத்த விலைதான் சொல்லுவோம். இதைவிடக் குறைச்சலாத்தான் இருக்கும், இசோகாய்-சான்."

"இருக்கட்டும். நானும் எனக்குன்னு ஒரு ஆளைப் பாத்து வெக்கிறேன். உங்க தோகாவா அம்மாகூட மல்லுக்கு நிக்கிற மாதிரி ஒருத்தனை." முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஜூலைக்குப் பிறகு புது ஆள், புதுப் பேச்சு, அநேகமாக இன்னொரு குளிர்காலம். தரைத்தளத்து வீடு அதற்குள் வேறு யாருக்காவது போய்விடும். அது அவருக்குத் தெரிந்திருந்தது. "முப்பத்தஞ்சு வருஷத்துல நான் கத்துக்கிட்டது ஒண்ணுதான். துருவைச் சுரண்டாம மேல பெயிண்ட் அடிச்சா கப்பல் அழகா முழுகும். பெயிண்ட் அடிக்கிறவன் ஒருத்தன், அதைச் சுத்தியலால தட்டிப் பாக்குறவன் வேற ஒருத்தன். அதனாலதான் கப்பல் மிதக்குது. வீடு மட்டும் என்ன? விக்கிறவனுக்கு ஒரு ஆள் வேணும், வாங்குறவனுக்கு வேற ஆள் வேணும். நான் ரெண்டு பக்கமும் நிக்கிறேன்னு ஒருத்தன் வந்தா, அவன் நிக்கிற பக்கம் ஒண்ணே ஒண்ணுதான். அது அவன் பக்கம்."

கஜியூரா காகிதங்களை அடுக்கிப் பைக்குள் வைத்தான். வீட்டுக்குள் போடத் தான் கொண்டுவந்த ஆபீஸ் செருப்பையும் மறக்காமல் எடுத்துக்கொண்டான். போகிற போக்கில், தட்டில் மிச்சமிருந்த அரிசி பிஸ்கட் ஒன்று அவன் சட்டைப்பைக்குள் போனதைக் கொதோஹா மட்டும் பார்த்தாள். "அதையும் எடுத்துட்டார்" என்றாள் அம்மாவிடம்.

வாசலில் இசோகாய் கையை நீட்டினார்.

"என்ன?"

"வீடு காட்டுறதுக்குக் கொடுத்தேனே, மாற்றுச் சாவி."

கஜியூரா மூன்று பைகளில் தேடி நான்காவதில் எடுத்தான். சாவி ஈரமாக இருந்தது. இசோகாய் அதைச் சட்டை நுனியில் துடைத்துவிட்டுத்தான் கையில் வாங்கினார்.

"யோசிச்சுப் பாருங்க, இசோகாய்-சான். நான் இப்பவும் உங்க..."

அவர் கதவை இழுத்துச் சாத்தினார். பிறகு பழைய திருகுப் பூட்டை, அது முழுதாக இறுகும் வரை, மூன்று சுற்றுச் சுற்றினார்.