இரண்டு தொட்டில், ஒரு பாய்

இரண்டு குழந்தை பிறந்தது, இரண்டு தொட்டில் வந்தது, கணக்கு நேராகிவிட்டது என்று நினைப்பவர்களுக்குக் கடலூரையும் தெரியாது, சிதம்பரத்தையும் தெரியாது. சத்யப்பிரியா குறிஞ்சிப்பாடியில் கணக்கு டீச்சர். அவளுக்கே பிறந்த வீட்டின் கணக்கும் புகுந்த வீட்டின் கணக்கும் இரண்டாயிரத்துப் பத்தாம் வருஷத்து ஆனி மாதத்தில்தான் முழுசாகப் புரிந்தது.

பிள்ளை பெறுவதற்காக அவள் சிதம்பரத்து அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். முதலில் வந்தது பெண். அதைத் துடைத்து முடிப்பதற்குள் பின்னாலேயே ஆண். நர்ஸ் வெளியே வந்து, "பொண்ணு ஒண்ணு, பையன் ஒண்ணு" என்று சொன்னாள். அந்த வாக்கியத்தின் பின்பாதி மட்டும்தான் போன் வழியாகக் கடலூருக்குப் போய்ச் சேர்ந்தது. மாமனார் கொளஞ்சியப்பன், "பேரன் பொறந்துட்டான்" என்று மஞ்சக்குப்பம் முழுக்க லட்டு கொடுத்தார். பேத்தியும் பிறந்த விஷயத்தை லட்டு தீர்ந்த பிறகு, கேட்டவர்களுக்கு மட்டும் சொன்னார்.

கொளஞ்சியப்பன் ஓய்வுபெற்ற சர்வேயர். ஊரார் வரப்புத் தகராறையெல்லாம் டேப் பிடித்துத் தீர்த்து வைத்தவர் என்று அவரே சொல்வார். அவர் தீர்த்து வைத்த பிறகுதான் பாதித் தகராறு கோர்ட்டுக்கே போனது என்று மற்றவர்கள் சொல்வார்கள். அவர் மனைவி சௌந்தரத்துக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் அந்த வீட்டில் ஒரு குறை கண்ணில் படும். படாவிட்டால் தலைவலி வந்துவிடும்.

தீட்டுக் கழித்துத் தொட்டில் போடுகிற நாளில் அவர்கள் ஒரு வேனை அமர்த்திக்கொண்டு வந்து இறங்கினார்கள். வேனுக்குள் வைக்கோல் சுற்றிய தொட்டில் ஒன்று இருந்தது. பண்ருட்டிப் பலா மரம். மஞ்சள் மஞ்சளாக மின்னியது. நான்கு மூலையிலும் கிளி, நடுவில் மணி.

வீட்டுக்குள் ஏற்கெனவே ஒரு தொட்டில் பலூன் கட்டிக்கொண்டு நின்றது. அது சத்யப்பிரியாவின் தம்பி செம்பியன் படுத்து வளர்ந்த தேக்குத் தொட்டில். அப்பா இல்லாத வீட்டில் அவன்தான் ஆண்பிள்ளை. தாய்மாமன் என்ற பட்டமும் சேர்ந்துகொண்டதில் தரையில் கால் பாவாமல் திரிந்தான். தொட்டிலைப் பரணிலிருந்து இறக்கி வார்னிஷ் அடித்தவனும் அவன்தான்.

"தாய்மாமன் தொட்டில்லதான் மொதல்ல போடணும். அதான் மொற" என்றாள் அம்மா தில்லையம்மாள்.

"மொற எங்களுக்கும் தெரியும் சம்மந்தி. வம்சம் யாருது? எங்களுது" என்றாள் சௌந்தரம். "அதுவும் பழைய தொட்டிலு. மூட்டப்பூச்சி கீட்டப்பூச்சி இருக்கப்போவுது."

தில்லையம்மாளின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "சீர்காழி ஆசாரி செஞ்சது. மாசி மாசம், வெள்ளிக்கெழம, ராகுகாலம் கழிச்சு வீட்டுக்கு வந்துது. ஒரே பலகையில எழச்சது. எம்புள்ள ரெண்டு வயசு வரைக்கும் அதுலதான் தூங்குனான். ஒரு கொசு கடிச்சதில்ல."

இரண்டு தொட்டிலும் ஒரே குழந்தைக்காக வந்தவை என்பது சத்யப்பிரியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் மடியில் இரண்டும் கிடந்தன. பையனுக்கு ராஜா என்று அதற்குள் பெயராகிவிட்டது. பெண் வெறும் பாப்பா.

"ரெண்டு தொட்டில் இருக்கு, ரெண்டு புள்ள இருக்கு. ஆளுக்கொண்ணுல போட்டுடலாமே" என்றாள்.

கணக்கு டீச்சர் இப்படித் தப்பாக ஒரு கணக்குச் சொல்லுவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

"நீ சும்மா இரும்மா, பச்ச ஒடம்புக்காரி" என்றார் கொளஞ்சியப்பன். சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்தார். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவே அளந்தார், சுவருக்கும் பீரோவுக்கும் நடுவே அளந்தார், ஒரு தடவை தூணையே சுற்றி அளந்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். பொழுது விடிந்ததிலிருந்து உச்சி வரை ராஜா தாய்மாமன் தொட்டிலில் தூங்குவான். உச்சியிலிருந்து பொழுது சாயும்வரை பாட்டனார் தொட்டிலில் தூங்குவான். இரண்டு வீட்டுக்கும் மரியாதை குறையாது.

"பாப்பா?" என்றாள் சத்யப்பிரியா.

"அதுக்கென்னா, கோரப்பாய் இருக்குல்ல" என்றாள் சௌந்தரம்.

"தரைதான் குளுமை" என்றாள் தில்லையம்மாள். அன்று முழுக்க சம்பந்திகள் இருவரும் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

சத்யப்பிரியா கணவனைப் பார்த்தாள். அருள்முருகன் நல்ல மனுஷன். அதுதான் அவனிடம் இருந்த பெரிய தொல்லை. "அம்மா சொல்றதும் சரிதான் பிரியா. நீ சொல்றதுலயும் ஞாயம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, வேன்காரருக்கு டீ வாங்கக் கிளம்பினான். அவன் வாங்கி வருவதற்குள் வேன் கடலூருக்கே திரும்பிப் போயிருக்கும். அவ்வளவு நேரம் கழித்துத்தான் வந்தான்.

அதன்பிறகு நடந்த கூத்தை என்ன சொல்ல! ராஜா அசந்து தூங்க ஆரம்பிக்கிற நேரம் பார்த்து உச்சிப்பொழுது வரும். உடனே அவனை ஒரு தொட்டிலிலிருந்து தூக்கி இன்னொன்றில் போடுவார்கள். அவன் வீறிடுவான். கடலூரிலிருந்து வந்து வாரக்கணக்கில் தங்கிவிட்ட சௌந்தரம் ஆட்டுவாள். அவள் ஆட்டுகிற வேகம் பிடிக்காமல் தில்லையம்மாள் குறுக்கே வந்து ஆட்டுவாள். செம்பியன் தான் வேலை பார்க்கிற கடையிலிருந்து வந்து கிலுகிலுப்பையை ஆட்டுவான். இத்தனை பேர் ஆட்டினால் பெரிய ஆளுக்கே தலை சுற்றும், அது பச்சைப்பிள்ளை. போதாக்குறைக்குத் தினமும் கரண்ட் போனது. மெத்தையும் கொசுவலையும் தலையணையுமாகத் தொட்டிலுக்குள் புதைந்து கிடந்த ராஜா வியர்த்துக் கொட்டினான்.

பாப்பாவை யாரும் ஆட்டவில்லை. அவள் அம்மாவுக்குப் பக்கத்தில், வாசல் காற்று நேராக வருகிற இடத்தில், பழைய நூல் புடவை விரித்த கோரைப்பாயில் கையைக் காலை நீட்டிக்கொண்டு தூங்கினாள். பசித்தால் விழிப்பாள், குடிப்பாள், மறுபடியும் தூங்குவாள்.

ஆனாலும் சத்யப்பிரியாவுக்கு மனசு ஆறவில்லை. பாய் மோசம் என்றில்லை. யாரும் யோசிக்காமலே அவளுக்கு அது போதும் என்று முடிவு செய்தார்களே, அதுதான் உள்ளே குத்தியது. ஒரு நாள் காலையில் பலாத்தொட்டில் சும்மா கிடக்கிறதே என்று பாப்பாவை அதில் போட்டாள். தில்லையம்மாள் அடுப்பங்கரையிலிருந்து ஓடிவந்தாள்.

"அய்யய்யோ, எடுடி! மாப்ள வீட்டுத் தொட்டிலு. பேரனுக்குன்னு செஞ்சது. அவுங்க பார்த்தா என்னா நெனப்பாங்க?"

மத்தியானம் தேக்குத் தொட்டில் காலியானதும் அதில் போட்டுப் பார்த்தாள். இந்தத் தடவை ஓடிவந்தது சௌந்தரம். "உன் தம்பி ஆசையா வச்சிருக்கிறான். நாள பின்ன அவன் வாயால ஒரு சொல்லு வரலாமா? எடுத்துடும்மா." மற்ற நேரங்களில் ஒருத்தி வைத்த குழம்பை இன்னொருத்தி வாயில் வைக்கமாட்டாள். பாப்பாவைத் தொட்டிலிலிருந்து எடுப்பதென்றால் மட்டும் அப்படி ஒரு விட்டுக்கொடுப்பு, அப்படி ஒரு நாகரிகம்!

காலித் தொட்டிலில் துவைத்த துணி கிடந்தது. தலையணை உறை கிடந்தது. ஒரு நாள் சௌந்தரத்தின் மூக்குக்கண்ணாடிகூட அதில் படுத்திருந்தது. பாப்பாவுக்கு மட்டும் இடம் இல்லை.

தடுப்பூசி போடுகிற நாள் வந்தது. இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்த நர்ஸ், "பாப்பா நல்லா ஏறியிருக்கா. தம்பிக்குத் தூக்கம் பத்தல போலருக்கு. சும்மா தூக்கித் தூக்கிப் போடாதீங்க" என்றாள்.

மறுபடியும் பாதி வாக்கியம்தான் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. "பொம்பளப் புள்ள ஜாஸ்தி எட, ஆம்பளப் புள்ள கம்மியா?" என்று சௌந்தரம் நெஞ்சில் கைவைத்தாள். "வயித்துலயே இவன் பங்கையும் சேத்து உறிஞ்சிருக்கும்." தில்லையம்மாள் மிளகாயும் உப்பும் எடுத்து ராஜாவுக்குச் சுற்றிப் போட்டாள். கொளஞ்சியப்பன் அருள்முருகனையும் கூட்டிக்கொண்டு கடலூரிலிருந்து அடுத்த பஸ்ஸிலேயே வந்தார். திட்டக்குடியில் தங்கராசு என்று ஒரு ஜோசியர். அவருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார்கள்.

ஜோசியர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்தப் பொண்ணு எங்க படுத்திருக்குது?" என்றார்.

"தரையிலதாங்க. வாசலப் பார்த்தாப்ல" என்றார் கொளஞ்சியப்பன்.

"அடடா! அதுதான்யா அந்த வூட்டுலயே நல்ல எடம். அது ஆம்பளப் புள்ளைக்கு உண்டானது. மாத்திப்புடுங்க."

ஆஹா, அத்தனை பேர் முகத்திலும் வெளிச்சம் வந்துவிட்டது. தொட்டிலா பாயா, தாய்மாமனா பாட்டனாரா என்ற சண்டையெல்லாம் அந்த நிமிஷமே ஓய்ந்தது. பாய் ராஜாவின் இடம் என்று ஏகமனதாக முடிவாகியது. இத்தனை நாள் அதில் வேறு யாரோ வாடகையில்லாமல் குடியிருந்த மாதிரி எல்லோரும் பாப்பாவைப் பார்த்தார்கள். கொளஞ்சியப்பன் டேப்பை இழுத்துக்கொண்டு மண்டி போட்டார். பாயை அளந்தார்.

"அப்போ பாப்பாவத் தொட்டில்ல போடுறீங்களா?" என்று கேட்டாள் சத்யப்பிரியா.

"அது எப்பிடிம்மா? நாளைக்கே இவனுக்குத் தொட்டில் ஆசை வந்துடுச்சுன்னா?" என்றார் கொளஞ்சியப்பன். "பீரோ ஓரமா ஒரு எடம் இருக்குது. அளந்துட்டன். தாராளமா போதும்."

பீரோ ஓரத்தில் காற்று வராது. அரிசி மூட்டையும் பழைய டிவி அட்டைப்பெட்டியும் இருக்கிற மூலை அது. சௌந்தரம் ராஜாவை ஒரு தோளில் போட்டுக்கொண்டு, இன்னொரு கையால் தூங்குகிற பாப்பாவை எடுக்கக் குனிந்தாள்.

"அத்த, கைய எடுங்க" என்றாள் சத்யப்பிரியா.

சத்தம் போடவில்லை. வகுப்பில் கடைசி பெஞ்சைப் பார்த்துப் பேசுகிற குரல்தான். ஆனால் சௌந்தரம் நிமிர்ந்துவிட்டாள்.

"என்னா பிரியா இது, பெரியவங்ககிட்ட..." என்று அருள்முருகன் ஆரம்பித்தான்.

"நான் சொல்றதும் சரி, அவுங்க சொல்றதும் சரின்னு மட்டும் சொல்லிடாதீங்க. இன்னிக்கு ஏதாவது ஒண்ணுதான் சரி."

டீ வாங்கப் போகக்கூட அருள்முருகனுக்குத் தோன்றவில்லை.

தில்லையம்மாளுக்குச் சம்பந்தி முன்னால் மானம் போனது. மகளை அடக்க வேண்டுமே! "ஏண்டி இப்பிடி ஆடுற? பொம்பளப் புள்ள எங்க போட்டாலும் தூங்கும். நீ தூங்கல? உன்ன என்னா பட்டு மெத்தயிலயா போட்டன்?"

"என்ன எங்கம்மா போட்ட?"

"உன்ன..." என்று தில்லையம்மாள் வேகமாக ஆரம்பித்தாள்.

நின்றாள். தேக்குத் தொட்டிலைப் பார்த்தாள். அது செம்பியன் பிறந்தபோது வந்தது. சத்யப்பிரியா அவனுக்கு மூத்தவள். தில்லையம்மாளின் கண் கூடத்து உத்தரத்துக்குப் போனது, ஜன்னலுக்குப் போனது, அடுப்பங்கரை வாசலுக்குப் போனது. ஆசாரியின் ஊர், மாசி மாதம், வெள்ளிக்கிழமை, ராகுகாலம் எல்லாம் நுனி நாக்கில் வைத்திருக்கிறவள் அவள். இப்போது அந்த நாக்கில் ஒன்றும் வரவில்லை.

"தூளி கட்டியிருப்பன். இல்லன்னா..." என்றாள். "எங்கயாவதுதான் போட்டிருப்பன்."

"எங்கம்மா?"

"ஞாபகம் இல்லடி."

செம்பியன் தலையைக் குனிந்துகொண்டான். கொளஞ்சியப்பனின் கையிலிருந்த டேப் தானாகச் சுருண்டு டப்பென்று பெட்டிக்குள் போனது. ராஜா மட்டும் சௌந்தரத்தின் தோளில் அழுதுகொண்டிருந்தான்.

இப்போது அழுதால் எல்லோரும் சேர்ந்து தன்னைச் சமாதானம் செய்து, பாயை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று சத்யப்பிரியாவுக்குத் தெரியும். கையை நீட்டி ராஜாவை வாங்கினாள். அவன்மேல் அவளுக்கு என்ன கோபம்? தூங்கவிடாமல் படுத்தி எடுத்ததில் பாவம், இளைத்துப் போனவன் அவன்தான்.

பாப்பாவை ஒரு விரற்கடைகூட நகர்த்தாமல் அவளுக்குப் பக்கத்தில் அவனைக் கிடத்தினாள்.

"இது அக்கா எடம். அக்கா எழுந்திருக்க மாட்டா. பக்கத்துல எடம் இருக்கு, இவன் படுத்துக்கட்டும். இனிமே இவுங்க ரெண்டு பேரையும் யாரும் தூக்கி மாத்தக் கூடாது. ஜோசியர் போன் பண்ணாலும் சரி."

ராஜா இரண்டு தடவை விசும்பினான். கையை வீசியதில் அது பாப்பாவின் வயிற்றின்மேல் விழுந்தது. பாப்பா கண்ணைத் திறக்காமலே முகத்தைச் சுளித்தாள். அப்புறம் இரண்டும் தூங்கின. கூடத்தில் அத்தனை பெரியவர்களும் ஒரு கோரைப்பாயைச் சுற்றி நின்றுகொண்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தார்கள்.

"அப்போ இந்தப் பலாத்தொட்டிலு?" என்றாள் சௌந்தரம், சன்னமாக.

"வேணும்னா நீங்க படுத்துக்குங்க அத்த" என்று செம்பியன் சொல்லிவிட்டு, அக்கா முறைத்ததும் கடைக்கு ஓடினான்.

கடலூர்க்காரர்கள் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பினார்கள். சௌந்தரம் போகும்போது யாரிடமும் எந்தக் குறையும் சொல்லவில்லை. வழியில் நிச்சயம் தலைவலி வந்திருக்கும்.

அவர்கள் போன பிறகு தில்லையம்மாள் வந்து பாய் ஓரத்தில் உட்கார்ந்தாள். வெகுநேரம் பாப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பார்த்தது பாப்பாவைத்தானா என்று சத்யப்பிரியாவுக்குச் சந்தேகமாக இருந்தது.

"நீ அழவே மாட்டடி" என்றாள் கடைசியில். "அது ஒண்ணு ஞாபகம் இருக்கு. அழுதிருந்தா எங்க கெடந்தன்னு தெரிஞ்சிருக்கும்."

அந்த நேரம் பார்த்துப் பாப்பா விழித்து, தெருமுனை வரை கேட்கிற மாதிரி வீறிட்டாள். பழக்க தோஷத்தில் தில்லையம்மாள் முதலில் ராஜாவின் பக்கம் கையைக் கொண்டுபோனாள்.

"அழறது பாப்பாம்மா" என்றாள் சத்யப்பிரியா.

தில்லையம்மாள் கையைத் திருப்பினாள்.