சுடாத தண்ணீர்

ஒச்சம்மாள் கொண்டுவந்த மாலை ஐஸ் பெட்டியைத் தொடவில்லை. அதற்குள் ஈஸ்வரன் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துவிட்டான். மாலை பந்தக்காலில் சிக்கி அறுந்தது. அவள் மல்லாந்து விழுந்தாள். விழுந்தவளின் விலாவில் அவன் உதைத்தான்.

"கொன்னுபுட்டு மால போட வந்தியாடி."

அழுதுகொண்டிருந்த பெண்கள் ஒதுங்கினார்கள். நாற்காலிகளில் இருந்த ஆண்கள் எழுந்தார்கள், எழுந்ததோடு சரி. பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த செல்லக்கிளி நிமிர்ந்து பார்த்தாள். கண்ணாடிக்கு அடியில் அவள் புருசன் ஆண்டிச்சாமி, தாடை கட்டப்பட்டு, நெற்றியில் ஒரு ரூபாய்க் காசோடு கிடந்தார். விடிகாலையில்தான் திண்டுக்கல் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து இறக்கியிருந்தார்கள்.

ஒச்சம்மாள் பக்கத்துத் தோட்டக்காரி. போன ஆடியில் ஆண்டிச்சாமி இன்னொரு வரிசை மல்லிகை வைப்பதற்காகப் பொதுவரப்பைச் சீவினார். அவள் தன் பக்கத்து மண்ணை இரண்டு கையாலும் அள்ளி வானத்தைப் பார்த்துத் தூற்றினாள். "எந்தக் கால வச்சு எம்மண்ண மிதிச்சியோ, அந்தக் காலு ஒனக்கு இல்லாமப் போகட்டும்" என்றாள். சேவுகம்பட்டிச் சந்தை வரைக்கும் அந்தப் பேச்சு போயிற்று. இப்போது கால் அழுகி, ஆளும் போய்விட்டார்.

"யாரும் கிட்ட வராதீக" என்றான் ஈஸ்வரன். அடுப்புக் கூட்டியதுபோக மீந்து கிடந்த செங்கல்லை எடுத்துவிட்டான். "இன்னிக்கு இவளும் எங்கண்ணங்கூடப் போகட்டும்."

முதல் அடி தோளில் இறங்கியது. இரண்டாவது புருவத்தைக் கிழித்தது. ரத்தம் கண்ணுக்குள் வழிந்தும் ஒச்சம்மாள் கத்தவில்லை. முழங்கையை ஊன்றி எழப் பார்த்தபடியே சொன்னாள்:

"மண்ணத்தான் தூத்துனேன். வேறெதும் நாஞ் செய்யல."

"விடுறா ஈஸ்வரா" என்று தங்கமுத்து மட்டும் குரல் கொடுத்தார். பந்தலுக்கு வெளியே வரக்காப்பி அண்டாவுக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தவர், கையில் கரண்டியோடு அங்கேயே நின்றார். மற்றவர்களில் பாதிப்பேர் ஈஸ்வரன் சொல்வதை நம்பினார்கள்.

செல்லக்கிளிக்கு அது தெரியும். காலில் அந்தச் சுருசுருப்பு வந்தது வரப்புச் சண்டைக்கு ரொம்ப முந்தி என்பதும் அவளுக்குத்தான் தெரியும். படுத்தால் ஆண்டிச்சாமி பாயைத் தட்டுவார். "எறும்பு ஏறுது, பாரு" என்பார். அவள் விளக்கைப் போட்டுப் பார்ப்பாள். ஒரு எறும்பும் இருக்காது. அப்புறம் பஞ்சில் நடக்கிற மாதிரி இருக்கிறது என்றார். அப்புறம் செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் தோட்டத்திலிருந்து ஒற்றைக் காலில் செருப்போடு வந்தார்.

அவள்தான் இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டினாள். அந்த டாக்டரம்மா நிறையக் கேட்டது. குடிப்பீங்களா, எத்தன வருசமா. பூச்சிமருந்து அடிக்கிறப்ப காலுக்கு எதாச்சும் போடுவீங்களா. முதுகுல அடி பட்டிருக்கா. கறி முட்டை சாப்பிடுவீங்களா. எல்லாத்துக்கும் தலையாட்டினார். "இதுல எதுனால வேணும்னாலும் கால் மரத்துப் போகும். ஆனா ஒங்களுக்குச் சர்க்கர எக்கச்சக்கமா இருக்கு. காலு நரம்பு செத்துக்கிட்டு வருது" என்றது அந்தம்மா. முள்ளு குத்தினாலும் தெரியாது, சூடும் தெரியாது, தினம் பாதத்தைப் பார்க்கணும் என்று சொல்லி அனுப்பியது. பஸ்ஸில் வரும்போது ஆண்டிச்சாமி சிரித்தார். "எனக்கு என்ன பண்ணுதுன்னு அவளுக்கே தெரியல. ஊர்ப்பட்ட கேள்வி கேக்குறா." வாங்கிய மாத்திரையைப் பாதிநாள் போடவில்லை.

ஈஸ்வரனின் கை மூன்றாவது தடவை உயர்ந்தது.

செல்லக்கிளி எழுந்தாள். காலையிலிருந்து ஒரே இருப்பாக இருந்ததில் தடுமாறினாள். ஓடவில்லை. நடந்துபோய் ஒச்சம்மாளுக்கும் அவனுக்கும் நடுவில் நின்றாள்.

"மதினி, தள்ளிருங்க."

"என்னயும் அடி. அடிச்சுட்டு அவள அடி."

"இவ வாயாலதான மதினி போனாரு."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். இந்த வீட்டுக்கு வாக்கப்பட்டு வந்தபோது மூக்கொழுக நின்ற பையன். மாமியார் அற்பாயுசில் போய்ச் சேர, அவளும் ஆண்டிச்சாமியும்தான் வளர்த்தார்கள். தங்களுக்கென்று பிள்ளை பிறக்காமல் போனதை இவனை வைத்தே மறந்தார்கள். இன்றைக்குக் கொள்ளி வைக்கப் போகிறவனும் இவன்தான். சொல்லவே கூடாது என்றுதான் ஆஸ்பத்திரியில் இருந்தவரைக்கும் வாயை மூடிக்கொண்டிருந்தாள். இப்போது அவன் கையிலிருந்த செங்கல்லில் முடி ஒட்டியிருந்தது.

"வாயால போகல" என்றாள். "தண்ணியால போனாரு."

ஓங்கிய கையை ஈஸ்வரன் பாதியில் நிறுத்தினான்.

"நான் பூப் பறிக்கப் போயிருந்தேன். நீ வெந்நி வச்ச. வேப்பெலையும் கல்லுப்பும் போட்டுக் கொதிக்க வச்சு, ஒங்கண்ணன் கால அதுல எடுத்து வச்ச. மதமதப்பு விடட்டும்னுதான் வச்ச. நல்லதுக்குத்தான். நான் வாரப்ப புகையா ஆவி பறக்குது. அவுக சிரிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காக. 'சூடே இல்லடா, இன்னுங் கொஞ்சம் ஊத்து'ங்கிறாக. நீ ஊத்திக்கிட்டு இருக்க. நாங் கைய விட்டுப் பாத்தேன். எங்கையி வெந்துபோச்சு."

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். இன்னும் ஆறாத தோல் சிவந்து சுருங்கியிருந்தது.

"அன்னிக்கு உரிஞ்ச தோலுதான். அதுல புடிச்ச சீழுதான் வெரல எடுக்க வச்சுச்சு, காச்சல் கொண்டாந்துச்சு. அவ மண்ணத் தூத்துனா. மண்ணு சுடல."

தப்பு அடிக்க வந்திருந்தவர்கள்கூடக் கீழே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எனக்குத் தெரியாதே மதினி" என்றான் ஈஸ்வரன். சின்னக் குரலாக இருந்தது. "சுடுதுன்னு அவரு சொல்லலையே."

"அவுகளுக்கும் தெரியாது."

செங்கல் கீழே விழுந்தது. அவன் பந்தலைச் சுற்றி ஒருமுறை பார்த்தான். பிறகு விறுவிறுவென்று அண்டாப் பக்கம் போனான். காப்பித்தண்ணி தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. என்ன செய்யப் போகிறான் என்று தங்கமுத்து யோசிப்பதற்குள் வலது கையை முழங்கை வரைக்கும் அதற்குள் விட்டான்.

அப்போது அவன் அலறிய அலறலில் கூரைமேல் இருந்த காக்கைகள் மொத்தமாகக் கிளம்பின. மூன்று பேர் சேர்ந்து இழுத்தும் கையை எடுக்க மாட்டேன் என்று முண்டினான். தங்கமுத்து கரண்டிக் காம்பால் அவன் முதுகில் ஓங்கிப் போட்ட பிறகுதான் கை வெளியே வந்தது. அண்டா கவிழ்ந்து, தண்ணீர் அடுப்பை அணைத்து, வாசலெல்லாம் கருப்பாக ஓடியது. அவன் அந்தச் சேற்றில் புரண்டான். வெந்த கையில் வாழைமட்டையைச் சுற்றி, பைக்கில் நடுவில் உட்காரவைத்து, வத்தலக்குண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

செல்லக்கிளி அவன் பின்னால் போகவில்லை. தன் முந்தானையைக் கிழித்து ஒச்சம்மாளின் புருவத்தில் வைத்து அழுத்தினாள். கொஞ்ச நேரத்தில் ஒச்சம்மாள் அந்தத் துணியைத் தானே பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போனாள்.

சாயங்காலம் ஈஸ்வரன் வந்ததும் பிணத்தை எடுத்தார்கள். கட்டுப்போட்ட கை நெஞ்சோடு தொங்க, கொள்ளிச்சட்டியை இடது கையில் தூக்கிப் போனான். பாடைக்குத் தோள் கொடுக்க முடியவில்லை. இடது கையாலேயே கொள்ளி வைத்ததாகவும், திரும்பிப் பார்க்காமல் வரச்சொன்னதையும் மீறி மூன்று முறை திரும்பிப் பார்த்ததாகவும் தங்கமுத்து வந்து சொன்னார்.

விளக்கு வைக்கிற நேரத்தில் வாசலில் ஒச்சம்மாள் நின்றாள். தலையில் கட்டு, ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. இடுப்பில் சோற்றுச் சட்டி, கையில் ரசத் தூக்கு. அடுப்பு மூட்டக்கூடாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் கொண்டுவருகிற சோறு. படியேறாமல் வாசலிலேயே வைத்தாள்.

"நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போறேன் செல்லக்கிளி. எழுதிக் குடுக்கப் போறேன். சோறு வேற, அது வேற."

"போ. போலீசு வந்து என்னயக் கேட்டா, பாத்ததச் சொல்லுவேன்."

ஒச்சம்மாள் தலையை அசைத்துவிட்டுப் போனாள்.

ஈஸ்வரன் உள்ளே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அவன் காதில் எல்லாம் விழுந்திருக்கும். செல்லக்கிளி தட்டில் சோறு போட்டு ரசம் ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். அவன் இடது கையைத் தட்டு வரைக்கும் கொண்டுபோனான். பிறகு எடுத்துக்கொண்டான்.

அவள் எதிரில் உட்கார்ந்து தட்டைத் தன் பக்கம் நகர்த்திப் பிசைந்தாள். சோறு இன்னும் சுட்டது. ஒரு கவளம் உருட்டி, ஊதினாள். புறங்கையில் வைத்துப் பார்த்தாள். மறுபடி ஊதினாள். அவன் முகத்தைப் பார்க்காமலே அதை நீட்டினாள்.

அவன் வாயைத் திறந்தான்.