கதவில் விழுந்த மூன்று அடி

வெர்லின் ஸ்டோவலுக்கு நிலவறை என்றாலே ஆகாது. ஓக்லஹோமாவில் அவர்கள் பக்கம் மே மாதம் பிறந்துவிட்டால் அபாயச் சங்கு ஊதாத வாரம் கிடையாது. சங்கு ஊதினால் பெண்களும் பிள்ளைகளும் மண்ணுக்கடியில் இறங்குவார்கள். ஆண்கள் வராந்தாவில் நின்று சுழற்காற்று எந்தப் பக்கம் போகிறது என்று வேடிக்கை பார்த்துவிட்டுக் கடைசி நிமிடத்தில் ஓடிவருவார்கள். வெர்லின் அந்தக் கடைசி நிமிடத்தையும் தாண்டிப் பார்க்கிற ஆள். எழுபது வயது, மூட்டுவலி வேறு.

அன்று மாலை நாலே முக்காலுக்குச் சங்கு ஊதியதும் அவர் மகள் நோரீன் கொல்லையில் நிலவறைக் கதவைத் திறந்து வைத்தாள். பக்கத்துத் தகர வீடுகளில் இருப்பவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. நிலவறை உள்ளவர்கள் அதைப் பூட்டி வைக்கக்கூடாது என்பது அங்கே எல்லோரும் மதிக்கிற வழக்கம். ஏழு பேர் பின்வழியாக வந்து இறங்கினார்கள். கடைசியாகக் கேண்டிஸ், நாலு மாதக் குழந்தையைத் துவாலையில் சுற்றிக்கொண்டு வந்தாள்.

நோரீன் வீட்டைச் சுற்றி முன்பக்கம் ஓடினாள். அப்பா காபிக் கோப்பையோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோதுமை வயலுக்கு அப்பால் மேகத்திலிருந்து கறுத்த தும்பிக்கை ஒன்று இறங்கித் தரையைத் துழாவிக்கொண்டிருந்தது.

"அப்பா, எந்திரிங்க."

"அது எங்கயும் போகலடி. பத்து நிமிஷமா பாக்கறேன், அதே மரத்துக்குப் பின்னாடிதான் நிக்குது."

இடப்பக்கமும் போகாமல் வலப்பக்கமும் போகாமல் நிற்கிறது என்றால், அது நேராக வருகிறது என்று அர்த்தம். அந்த ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அவருக்கும் தெரியும்.

"நிக்கலப்பா. நம்மளப் பாத்துதான் வருது. பெருசாயிட்டே இருக்கு, பாருங்க."

"உன் கண்ணுக்கு எல்லாம் பெருசுதான். போன வருஷமும் இப்படித்தான் இழுத்துட்டுப் போன. கேண்டிஸ் புருஷனோட பீர் நாத்தத்துல ஒரு மணி நேரம். அதுக்குக் காத்தே தேவல."

கையைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறினார்.

"உள்ள பச்சக் குழந்தை இருக்கு. போய்க் கதவப் பாரு. நான் வர்றேன்."

நோரீன் கொல்லைக்கு ஓடி, நிலவறைப் படியில் நின்று கதவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். காது அடைத்தது. கல் கல்லாக ஆலங்கட்டி விழுந்தது. வெளிச்சம் பாசி நிறமாக மாறியது.

"மூடுடி," என்றாள் கேண்டிஸ்.

"வர்றேன்னு சொன்னாரு."

"எப்பவும்தான் சொல்றாரு. மூடு."

மூடினாள். இரும்புத் தாழ்ப்பாளைப் போட்டாள். மேலே யாரோ வீட்டை முறித்து மாவாக அரைப்பது போலச் சத்தம் எழுந்தது. அப்போதுதான் கதவில் அடி விழுந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. சீரான இடைவெளியில்.

நோரீன் கை தாழ்ப்பாளுக்குப் போனது. கேண்டிஸ் அவள் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"கட்டை வந்து மோதுது. தெறந்தா காத்து எம்புள்ளைய உறிஞ்சிரும்டி."

குழந்தை வீறிட்டது. நோரீன் திறக்கவில்லை. நான்காவது அடி விழவில்லை.

வெளியே வந்தபோது வீடு இருந்த இடத்தில் சிமெண்டுப் படிகள் மட்டும் இருந்தன. வெர்லினை மறுநாள் காலை கால் மைல் தள்ளி வயலில் கண்டெடுத்தார்கள்.

காவல் அதிகாரி விசாரணைப் படிவத்தோடு வந்தார்.

"கடைசியா எங்க பாத்தீங்கம்மா?"

"வராந்தாவுல."

"நிலவறைக்கு வரப் பாத்தாரா?"

நோரீன் வாயைத் திறப்பதற்குள் கேண்டிஸ் முந்திக்கொண்டாள். "எங்க சார்? நாற்காலிய விட்டு எந்திரிக்கவே இல்ல. அப்படி ஒரு பிடிவாதம்."

அன்று கேண்டிஸ் வராந்தாப் பக்கமே போகவில்லை.

"எங்க வீட்டுலயும் இப்படி ஒருத்தர் இருக்காரு," என்று சொல்லியபடி அதிகாரி எழுதிக்கொண்டார்.

கேண்டிஸ் நோரீனைப் பார்க்காமல் குழந்தையின் குல்லாவைச் சரி செய்தாள், சரியாக இருந்ததை மறுபடியும் சரி செய்தாள். நோரீன் மணிக்கட்டில் நாலு விரல் தடம் நீலமாகக் கன்றியிருந்தது. சட்டைக் கையை அதன்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"ஆமா சார்," என்றாள். "உக்காந்துதான் இருந்தாரு."