விஜயகுமாரி பேசிய நான்கு நிமிடம்

ஞாயிறு மூன்று மணிக்கு, ஆம்பூரில் ஷூவுக்கான சோல் விற்கும் ஆபித் பாஷாவின் கடை மாடியில் பாய் விரித்தாகிவிடும். ஷூ கம்பெனிகளில் தைப்பவர்களும் ஒட்டுபவர்களும் கூடி, ஈசனைப் பாடும் பழைய அந்தாதி ஒன்றை வாரத்துக்கு ஒரு பாட்டாக ஓதிப் பொருள் சொல்லிச் சண்டையிடுவார்கள். ஒரு பாட்டின் இறுதிச் சொல்லே அடுத்ததன் முதற்சொல்லாதலால், சண்டையும் அறுபடாமல் வாரந்தோறும் தொடர்ந்தது.

அன்று ஓதல் தொடங்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன் ஷூ தைப்பவர்களைப் பற்றி வெளிநாட்டுத் தொலைக்காட்சியினர் எடுத்துப் போன படம் காலையில்தான் வெளிவந்திருந்தது. தையல் பிரிவு விஜயகுமாரியின் கைபேசியை எல்லோரும் சூழ்ந்திருந்தார்கள்.

"தள்ளுடி தேவகி. என் மூஞ்சி உனக்கு இன்னா புதுசா?"

"மூஞ்சி பழசுதான்கா. பவுடர்தான் புதுசு."

இருதயராஜ் மட்டும் சிரிக்கவில்லை. படம் எடுத்த அன்று மொழிபெயர்த்தவன் அவன்தான். கம்பெனியில் ஷூ வாங்க வரும் வெளிநாட்டுப் பையர்களோடு பேசுவது பதினான்கு ஆண்டுகளாக அவன் வேலை. தோல் பதனிடும் டேனரியை விட்டுத் தோலே வராதபோதும், சாம்பிள் ஷூ எப்போது என்று அவர்கள் கேட்டால், "வெள்ளிக்கிழமை" என்பான். வந்தவர் விரும்புவதை அவர் காதில் விழச் செய்வது அவனுக்குக் கைவந்த கலை.

அன்று விஜயகுமாரியைப் பார்த்து, "இந்த வாழ்க்கை உங்களுக்கு எதைத் தர மறுத்தது?" என்று கேட்டார் வந்திருந்த தொலைக்காட்சிக்காரர். கேட்டதை அப்படியே சொல்ல நா கூசி, "உங்களப் பத்தி சொல்லுங்கம்மா" என்று மாற்றிச் சொன்னான் இருதயராஜ். அவளோ மடியிலிருந்த அந்தாதி நூலைப் பிரித்து, முப்பத்தெட்டாம் பாட்டுக்கு உரைகாரர்கள் அத்தனை பேரும் தவறாகப் பொருள் கொண்டார்கள் என்று தொடங்கி, நான்கு நிமிடம் பேசினாள். வந்தவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"தன் கஷ்டத்தைத்தானே சொல்கிறார்?" என்று இருதயராஜிடம் கேட்டார்.

பழகிப்போன வாய், "ஆமாம்" என்றுவிட்டது.

படத்தில் இப்போது அவள் முகம் வந்தது. மடியிலிருந்த நூல் திரைக்கு வெளியே போயிருந்தது. பின்னணியில் ஒரு புல்லாங்குழல் அழுதது.

"அண்ணா, கீழ இங்கிலீஷ்ல இன்னா போட்டிருக்கான்? படிங்க" என்றாள் விஜயகுமாரி.

அவன் படித்தான், உள்ளுக்குள். 'என்னைப் படிக்க வைக்க யாருமில்லை. செருப்புத் தைப்பதே என் விதி.'

"முப்பத்தெட்டாம் பாட்டுக்கு இந்தம்மா புதுப் பொருள் சொல்றாங்கன்னு போட்டிருக்கான்."

அவள் முகம் மலர்ந்தது. "பாய், கேட்டீங்களா? கடல் தாண்டி ஒத்துக்கினான். நீங்கதான் ஒத்துக்கல!" என்றாள் ஆபித் பாஷாவிடம். "இருங்க, எங்க தமிழினிக்கு அனுப்பறேன். காலேஜ்ல எல்லாருக்கும் காட்டட்டும்."

கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படிக்கும் மகள். இருதயராஜ் பதறிக் கைபேசியின் மேல் கையை வைத்தான்.

"அனுப்பாதம்மா." எழுதியிருந்ததை வரி மாறாமல் சொன்னான்.

ஆபித் பாஷாதான் வெடித்தார்: "அவனுங்க ஊர்லயே எழுதி முடிச்சிட்டுத்தான்யா ஏரோப்ளேன் ஏறுறானுங்க!"

"இல்ல பாய். கஷ்டத்தைச் சொல்றாங்களான்னு கேட்டான். நான்தான் ஆமான்னேன்."

விஜயகுமாரி அவன் பக்கம் திரும்பினாள். திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"சரி விடுங்கணா. அன்னிக்கி நான் சொன்னத இப்ப இங்கிலீஷ்ல சொல்லுங்க. அவனுக்கே அனுப்பலாம்." பதிவு செய்யும் பொத்தானை அழுத்திக் கைபேசியை அவன் வாயருகே நீட்டினாள்.

அவன் வாயைத் திறந்தான். வந்தவரின் கடிகாரம் நினைவிலிருந்தது. கேமராவின் சிவப்பு விளக்கு, ஏட்டின் மேல் நகர்ந்த அவள் விரல், எல்லாம் இருந்தன. அவள் சொன்ன பொருள் மட்டும் எங்கும் இல்லை. திரையில் விநாடிகள் ஓடின. அந்த மனிதருக்காவது தமிழ் தெரியாது.

"மறந்துட்டீங்களா?"

"அன்னிக்கி நான் காது குடுத்துக் கேக்கவே இல்லம்மா."

அவள் பதிவை நிறுத்தினாள். கைபேசியைப் பைக்குள் போட்டு, நூலைப் பிரித்தாள்.

"தேவகி, நாப்பத்தாறு எடு." பிறகு அவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "நீங்க கூட ஓதுங்கணா, போதும். பொருள நாங்க பாத்துக்கறோம்."